ரேஷன் கார்டை விட்டுவிட்டு ஊருக்குப் புறப்பட்டவன்

1946ஆம் வருஷம் ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. பம்பாய் மாதுங்காவில் நடந்தது இது. அந்த வருஷத்து முதல் மழை அன்று காலையில்தான் பெய்தது. எத்தனை மணிக்குப் பிடித்து எத்தனை மணிக்கு விட்டது என்பதுகூட என் நாட்குறிப்பில் இருக்கிறது. தேதியும் இருக்கிறது. ஆனால் அதை இங்கே எழுதப் போவதில்லை. அந்த நாளில் எங்களோடு பழகியவர் யாராவது படித்தால், தேதியை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்.

மனத்தில் தோன்றுவதை எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. கண்ணில் பட்டதை எழுதுவேன். லோக்கல் ரயில் எத்தனை நிமிஷம் தாமதம், மெஸ்ஸில் என்ன குழம்பு, எதிர் வீட்டு ஜன்னலில் புறா எப்போது முட்டையிட்டது, குஞ்சு எப்போது வெளியே வந்தது, இந்த மாதிரி. எதற்கு என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசை, அவ்வளவுதான். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா.

மாதுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடியில் ஓர் அறை. நாங்கள் மூன்று பேர். நான், கும்பகோணத்துக்காரர் ஒருவர், பிறகு பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த இருபது வயதுப் பிள்ளை ஒருவன். அறையில் இளையவன் என்பதால் அவனைக் ‘கடைக்குட்டி’ என்று கூப்பிடுவோம். யுத்த காலத்தில் புதிதாக முளைத்த ஆபீஸ் ஒன்றில் தாற்காலிகமாக ஸ்டெனோ வேலை பார்த்தான். கலகலப்பான பிள்ளை. சவரம் செய்துகொள்ளும்போது வாய் ஓயாமல் பாடுவான். கும்பகோணத்துக்காரரோடு செஸ் ஆடித் தோற்றால், காயை நகர்த்திவிட்டார் என்று கீழ் மாடிக்குக் கேட்கும்படி சண்டை போடுவான். எனக்குத் ‘தேதிப் பைத்தியம்’ என்று பேர் வைத்தவனும் அவன்தான்.

எங்கள் சாப்பாடு கீழே தெருமுனையில் இருந்த மெஸ்ஸில். பம்பாயில் ரேஷன் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மாதச் சாப்பாட்டுக்காரர்கள் எங்கள் ரேஷன் கார்டை மெஸ் மேனேஜரிடம் கொடுத்துவிடுவோம். எங்கள் பங்கு அரிசியையும் சர்க்கரையையும் அவர் வாங்கிக்கொள்வார். பம்பாயை விட்டே போகிறவன் கார்டைத் திரும்ப வாங்கி, ரேஷன் ஆபீசில் ஒப்படைத்து, ‘சரண்டர் சர்டிபிகேட்’ என்று ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டும். அந்தச் சீட்டைக் காட்டினால்தான் ஊரில் புதுக் கார்டு. சீட்டு இல்லாமல் போனால் சொந்த வீட்டிலேயே அவன் விருந்தாளி. இதை வைத்துத்தான் எல்லாம் நடந்தது என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

அந்த மே மாதத்து நாட்குறிப்பை இப்போது எடுத்துப் பார்த்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கும். ஒரு பக்கத்தில், ‘கடைக்குட்டி மூன்று நாளாகச் சவரத்தின்போது பாடவில்லை. ஏன்?’ இன்னொரு பக்கத்தில், ‘செஸ்ஸில் தோற்றான். சண்டை போடவில்லை. ஆச்சரியம்.’ பிறகு, ‘நான் விடியற்காலை எழுந்திருக்கும்போதெல்லாம் அவன் கண்ணைத் திறந்தபடி படுத்திருக்கிறான்.’ அதற்கும் பிறகு, ‘இன்று நான் லீவு. பகல் பதினொரு மணிக்குக் கிங்ஸ் சர்க்கிள் தோட்டத்தில் அவனைப் பார்த்தேன். கிழக்குப் பக்கத்து பெஞ்சு. ஆபீஸ் இல்லையா?’ நாலு நாள் கழித்து அதே பெஞ்சு, அதே குறிப்பு. லைப்ரரிப் புத்தகங்களைக் கெடுவுக்கு வெகு முன்பே திருப்பிவிட்டான் என்பதையும் எழுதியிருக்கிறேன். அதுவரை அவன் ஒன்றைக்கூட நேரத்தில் திருப்பியதில்லை.

ஜூன் முதல் வாரத்தில் செஸ் பெட்டியைக் கும்பகோணத்துக்காரருக்கே கொடுத்துவிட்டான். ஊரிலிருந்து வந்த கேரளப் பஞ்சாங்கத்தை என்னிடம் நீட்டினான். ‘தேதிப் பைத்தியத்துக்குத்தான் இது உபயோகம்’ என்றான். சிரித்த முகமாகத்தான் கொடுத்தான். வேலையை விட்டுவிட்டு ஊரோடு போகப்போவதாகவும், சனிக்கிழமை மெட்ராஸ் மெயில் என்றும் சொன்னான். ஒரு மாதமாக வாடிக் கிடந்தவன் முகம் அந்த நாலைந்து நாளாகத் தெளிந்திருந்தது. ஊர் நினைப்பு வந்ததும் தெளிந்துவிட்டான் என்று அதையும் எழுதி வைத்தேன்.

இவ்வளவையும் பார்த்திருக்கிறேன், எழுதியிருக்கிறேன், பக்கத்துக்குப் பக்கம் ‘ஏன்?’ என்று போட்டிருக்கிறேன். நாலு அடி தள்ளிப் படுத்திருந்தவனிடம் அந்தக் கேள்வியை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை எல்லோருக்கும் அரை நாள். மத்தியானம் நானும் கும்பகோணத்துக்காரரும் மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் பாலக்காட்டுக்காரர், வாய்க்காரர். அன்றைக்கு அவருக்கு ஒரே சந்தோஷம்.

“உங்க ரூம் பிள்ளையாண்டான் இருக்கானே, தங்கம்! ஊருக்குப் போறவன் கார்டைத் திருப்பிக் கேக்கப் போறானேன்னு நான் பயந்துண்டிருக்கேன். அவன் என்ன சொல்றான் தெரியுமோ? ‘நீங்களே வச்சுக்கோங்கோ மாமா’ங்கறான்! இந்தப் பம்பாய்ல பெத்த அப்பனுக்குக்கூட எவனாவது ரேஷன் கார்டை விட்டுக் குடுப்பானா?”

“அந்தச் சர்க்கரையையாவது காப்பில போடும்” என்றார் கும்பகோணத்துக்காரர்.

“உம்ம வாய்க்குப் போட்டுக் கட்டுமா ஓய்? மூட்டை வேணும்.”

இலையெல்லாம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, வழக்கம்போல, எனக்குள் ஒரு ‘ஏன்?’ எழுந்தது. கடைக்குட்டிக்குச் சரண்டர் சர்டிபிகேட் விஷயம் தெரியாதா? ஏப்ரலில் கும்பகோணத்துக்காரரின் தம்பி ஊருக்குப் போனபோது ரேஷன் ஆபீஸ் வரிசையில் போய் நின்று சீட்டு வாங்கி வந்தவனே அவன்தான். ‘இது இல்லேன்னா ஊர்ல ஒரு மணி அரிசி கிடைக்காது, டிரெஸ்ஸை மறந்தாலும் இதை மறக்கப்படாது’ என்று பையனின் சட்டைப்பையில் வைத்து ஊசி குத்தி அனுப்பினான். அவன் மறக்க மாட்டான். தெரிந்தேதான் விட்டிருக்கிறான்.

ஊரில் போய்ச் சாப்பிடப் போகிறவன் அந்தச் சீட்டை விடமாட்டான். இனி எந்த ஊரிலும் சாப்பிடப் போவதில்லை என்கிறவன்தான் விடுவான்.

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. பாட்டு நின்றது, செஸ் பெட்டி, லைப்ரரிப் புத்தகம், பஞ்சாங்கம், தெளிந்த முகம், எல்லாம் தனித்தனிப் பக்கங்களிலிருந்து எழுந்து வந்து ஒரே வரியில் உட்கார்ந்தன. நான் எழுந்துவிட்டேன்.

“என்ன, ரசத்துக்கு முன்னாடியே எழுந்துட்டேள்? சாம்பார் நன்னா இல்லையோ?” என்று மேனேஜர் கேட்டது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

அறையில் அவன் இல்லை. அவனுடைய டிரங்குப் பெட்டி பூட்டி, கயிறு கட்டி, சுவரோரம் இருந்தது. மேலே ஒட்டியிருந்த தாளில் அழகான கையெழுத்தில் ஊர் விலாசம். பேர் அவனுடையது அல்ல, அவன் அப்பாவுடையது. தன்னோடு எடுத்துப்போகிற பெட்டியில் எவனும் அப்பா பேரை எழுதமாட்டான்.

எங்கே தேடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வகையில் நாட்குறிப்பு உதவியது. கிங்ஸ் சர்க்கிள் வரை ஓடினேன். கிழக்குப் பக்கத்து பெஞ்சில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். பெஞ்சு இன்னும் ஈரமாக இருந்தது. அது அவனுக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் நிறையப் படிக்கிறவன். ஆனால் இந்த மாதிரி இடத்தில் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று அதுவரை படித்த எதிலும் இல்லை. எனக்கு வந்ததைச் சொன்னேன்.

“சரண்டர் சர்டிபிகேட் வாங்கலையாமே? ஊர்ல அரிசி குடுக்கமாட்டாளே?”

அவன் சிரித்துவிட்டான். “ஒரு வாரமா எல்லார்ட்டயும் சொல்லிண்டு வரேன். ஒருத்தர் ஸ்டேஷனுக்கு வரேன்னார். ஒருத்தர் அப்பளம் வாங்கி அனுப்பச் சொன்னார். உங்க ஒருத்தருக்குத்தான் சார் இது தோணும்.”

சிரிப்பு அதோடு நின்றது. கேட்டால், இல்லாத நினைப்பை நானே அவன் மனசில் போட்டதாகிவிடுமோ என்று ஒரு பயம். இருந்தாலும் கேட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“நீ ஊருக்குப் போகலை. உசிரை விட்டுடலாம்னு நினைக்கிறயா?”

மணியை அடித்துக்கொண்டு ஒரு ட்ராம் போயிற்று. அது திரும்பி மறையும் வரை அவன் அதையே பார்த்தான். பிறகு, “எப்படித் தெரிஞ்சுது?” என்றான். கோபம் இல்லை, அதிர்ச்சிகூட இல்லை. ரொம்ப நேரமாகத் தலையில் சுமந்ததை இறக்கி வைக்க யாரோ ஒரு கை கொடுத்த மாதிரி அவன் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன். நான் பயந்ததற்கு நேர்மாறு.

அடுத்ததாக நான் செய்தது தப்பு. எல்லோரும் சொல்வதைச் சொன்னேன். அம்மாவை நினைத்துப் பார்த்தாயா, இந்த வயசில் இதெல்லாமா, உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இல்லையா. சொல்லச் சொல்ல அவன் முகம் கதவைச் சாத்துவதுபோல் மூடிக்கொண்டது. “இதுக்குத்தான் சார் நான் யார்ட்டயும் சொல்லலை” என்றான்.

வாயை மூடிக்கொண்டேன். பிறகு எனக்கு உண்மையிலேயே தெரியவேண்டியிருந்த ஒன்றைக் கேட்டேன். “இந்த நினைப்பு எப்போலேர்ந்து?”

“இதுக்கும் தேதி வேணுமா உங்களுக்கு?” என்றான். ஆனால் யோசித்தான்.

வேலை போனது மார்ச் கடைசியில். யுத்தம் முடிந்ததும் அந்த ஆபீசையே மூடிக்கொண்டு வந்தார்கள். அதை ஊருக்கும் எழுதவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை. தினமும் காலையில் கிளம்பி வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அவனே தலையை ஆட்டினான். இல்லை, நினைப்பு அதற்கும் முன்பே வந்துவிட்டதாம். ஜனவரியிலேயே தூக்கம் போயிருக்கிறது. வேலை நன்றாகத்தான் இருந்தது, வீட்டிலும் ஒன்றும் இல்லை, ஆனாலும் வந்தது. ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை. எதற்கும் ஒரு தேதி, ஒரு காரணம் என்று கோடு போட்டு எழுதிய எனக்கு, அப்படி எழுத முடியாத ஒன்று எதிரில் உட்கார்ந்திருந்தது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ‘அப்புறம்?’ ‘அன்னிக்கு எப்படி இருந்தது?’ இதைத் தவிர அந்த இரண்டு மணி நேரத்தில் நான் அதிகம் பேசவில்லை.

ஒரு கேள்வி மட்டும் நானாகக் கேட்டேன். “அந்த நினைப்பு வராத நாள் ஏதாவது உண்டா?”

ரொம்ப யோசித்தான். உண்டு என்றான். பிப்ரவரியில் கடற்படைக்காரர்கள் கலகம் செய்து ஊரே கடையடைத்த நாள். ரயில் இல்லை, ட்ராம் இல்லை. ஃபோர்ட்டிலிருந்து மாதுங்கா வரை நடந்தான். வழியில் யாரோ ஒரு மராட்டிக் கிழவர் கண் சரியாகத் தெரியாமல் தவிக்க, அவர் கையைப் பிடித்துப் பரேல் வரை கொண்டுவிட்டான். அவர் விடாமல் பேசிக்கொண்டே வந்தாராம். “அன்னிக்கு அந்த நினைப்பு வரவேயில்லை சார். இப்போ நீங்க கேட்டப்புறம்தான் எனக்கே தெரியறது.” இன்னொன்று விஷு அன்றைக்கு. மெஸ்ஸில் பரிமாறுகிறவர் வரவில்லை என்று இவன் பாயச வாளியைத் தூக்கினான். ஐந்து மாதத்தில் இரண்டு நாள். அதிகம் இல்லைதான். ஆனால் பூஜ்யமும் இல்லை. அதை அவனும் கவனித்தான் என்று அவன் முகம் சொல்லிற்று.

எழுந்திருக்கும்போது, “யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லுங்கோ” என்றான். சரி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. என்னவோ, சொல்லவில்லை.

“அது மட்டும் என்னால முடியாது. நான் ஒருத்தன் போதாது. யாருக்குச் சொல்லணும்னு நீ சொல்லு, அவாளுக்குத்தான் சொல்லுவேன்.”

அவன் கோபித்துக்கொண்டு பத்து அடி முன்னால் நடந்தான். நானும் விடாமல் பின்னால் நடந்தேன். தெருமுனையில் நின்று, “அக்காவுக்கு. அப்பாவுக்கு இப்போ வேண்டாம்” என்றான். அந்த நினைப்பில் அவன் வாங்கி வைத்திருந்தது ஏதாவது இருந்தால் என்னிடம் கொடுத்துவிடச் சொன்னேன். கொடுத்தான். அது என்ன என்பதை மட்டும் நான் நாட்குறிப்பில் எழுதவில்லை. எழுதாமல் விட்டதற்காக இன்றுவரை வருத்தமும் இல்லை.

அன்று சாயங்காலமே எங்களுக்குப் பழக்கமான டாக்டரிடம் கூட்டிப்போனேன். உள்ளே அவனோடு முக்கால் மணி நேரம் பேசினார். வெளியே வந்து, “இது கோழைத்தனம் இல்லே, திமிரும் இல்லே. ஜுரம் மாதிரி இதையும் வைத்தியம் பண்ணித்தான் ஆகணும். வாரா வாரம் வரட்டும். கொஞ்ச நாளைக்குத் தனியா விடாதேங்கோ” என்றார்.

தனியாக விடாமல் இருப்பதற்கு இன்னும் ஆள் வேண்டும். அவனைக் கேட்டுக்கொண்டு கும்பகோணத்துக்காரரிடம் சொன்னேன். அவர் முதலில் மிரண்டுபோனார். “போலீஸ் கீலீஸ்னு பெரிய லஃப்டா ஆயிடப்போறது, நமக்கெதுக்கு ஓய்?” என்றார். சொல்லிவிட்டு மாடி வராந்தாவில் கொஞ்சம் நடந்தார். பிறகு உள்ளே போய்ச் செஸ் பெட்டியை எடுத்துக் கடைக்குட்டியின் முன்னால் டணாரென்று வைத்தார்.

“என்னடா குடுத்திருக்கே? ஒரு குதிரையைக் காணும். முழுசாக் குடு, இல்லேன்னா நீயே வச்சுக்கோ.”

குதிரை அவருடைய கோட்டுப் பையில் இருந்ததை நான் பார்த்தேன். அவன் பெட்டியைத் திறந்து எண்ணினான். “என் மேலயா பழி? நீங்கதான் எப்பவும் காயைத் திருடுவேள்” என்றான். குரல் பழையபடி இல்லை. ஆனால் சண்டை பழைய சண்டை.

மேனேஜரிடம் சொல்லத்தான் எனக்குத் தயக்கம். ஊரெல்லாம் பரப்பிவிடுவாரோ என்று பயம். கடைக்குட்டியே, “மாமாட்ட நான் சொல்லிக்கறேன்” என்று போனான். என்ன சொன்னான் என்று தெரியாது. அந்த மனிதர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். பிறகு கார்டுக் கட்டிலிருந்து அவன் கார்டைத் தேடி எடுத்தார்.

“இது இங்கதான் இருக்கும். கார்டு இருக்கிற வரைக்கும் ரெண்டு வேளையும் உனக்கு இலை போடுவேன். இலை காலியாக் கிடந்தா கரண்டியும் கையுமா மூணு மாடி ஏறி வருவேன். எனக்கு முட்டி வலி, பாத்துக்கோ.”

அதன்படியே இலை விழுந்தது. ஒரு நாள் அவன் பத்து நிமிஷம் தாமதமாக வந்ததற்கு அவர் படி ஏறத் தொடங்கிவிட்டார். பாதி வழியில் இரண்டு பேரும் எதிரெதிரே சந்தித்து, அவர் திட்டிய திட்டில் கட்டடமே வேடிக்கை பார்த்தது. ஏன் திட்டுகிறார் என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாய்க்காரர் கடைசிவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

அக்காவுக்கு அனுப்பிய தந்தியை அவனும் நானுமாக உட்கார்ந்து எழுதினோம். படித்ததும் அலறிவிடக் கூடாது, ஆனால் கிளம்பி வந்துவிட வேண்டும். அப்படி ஆறு வார்த்தை தேடுவதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. வியாழக்கிழமை அந்த அம்மாள் வந்து இறங்கினார். தாதரில் உறவுக்காரர் வீட்டில் ஒரு மாதம் தங்கினார். எதுவும் கேட்டுத் துளைக்கவில்லை. தினமும் சாயங்காலம் வந்து அவனோடு அந்தத் தோட்டத்தைச் சுற்றி நடந்தார். அதே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்ததை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஜூலையில் ஒரு வாரம் மறுபடியும் முகம் இருண்டது. நான் கவனித்து, கேட்பதற்கு வாயைத் திறப்பதற்குள், சட்டையை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் அவனே வந்தான். “சார், இன்னிக்கு அந்த மாதிரி நாள். கொஞ்சம் இருக்கேளா?” என்றான். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். ஆபீசுக்கு லீவு. டாக்டரிடம் போய்வந்தோம், மிச்ச நேரம் சும்மா இருந்தோம். அவன் வாயால் தானாகக் கேட்ட அந்த நாள்தான் எனக்கு நிம்மதி வந்த நாள். செப்டம்பரில் ஒரு நாள் காலை சவரக் கண்ணாடியின் முன்னாலிருந்து பாட்டுக் கேட்டது. சுருதி சேரவில்லை. கும்பகோணத்துக்காரர் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அந்த வருஷக் கடைசியில் அவனுக்குத் தெற்கே வேறு ஓர் ஊரில் வேலை கிடைத்தது. கிளம்பும் நாளன்று ஆபீசிலிருந்து வந்த என்னை வாசலிலேயே மறித்து, சட்டைப்பையிலிருந்து ஊசியைக் கழற்றி, மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

“சரண்டர் சர்டிபிகேட். முத்திரை, கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கான்னு நன்னாப் பாத்துக் குடுங்கோ சார். ஊர்ல அரிசி வாங்கணும்.”

பார்த்தேன். எல்லாம் இருந்தது. கண் மறைத்ததால் தேதியை மட்டும் இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகும் வருஷம் தவறாமல் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். இப்போது நான் குடியிருக்கும் செம்பூர் வீட்டில் ஓர் அலமாரி நிறைய இருக்கிறது. ஒரே ஒரு மாற்றம் மட்டும் உண்டு. தெரிந்தவர் யாராவது வழக்கத்துக்கு மாறாக இருப்பது கண்ணில் பட்டால் முன்போல ‘ஏன்?’ என்றுதான் எழுதுகிறேன். ஆனால் அந்த வரியை முடிப்பதில்லை. நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்த பிறகுதான் முற்றுப்புள்ளி வைக்கிறேன்.